பூஜ்ஜிய இணைப்பு

ராஜகிரி மலைதான் என் காசை மறைக்கிறது என்று நம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம் போனால் செல்போனுக்கே சிக்னல் விழாது. அத்தனை பெரிய பாறை குறுக்கே உட்கார்ந்திருந்தால், எங்கிருந்தோ வர வேண்டிய கிரிப்டோ எப்படி வீடு வந்து சேரும்?

நடந்தது இதுதான். என் மனைவி தன் கிடாரியை விற்ற பணத்தை என்னிடம் கொடுத்து, "கார்த்திகைக்குள்ள போர் மோட்டரா திரும்பி வரணும்" என்று சொல்லியிருந்தாள். நான் அதில் யாரும் கேள்விப்படாத ஒரு கிரிப்டோ நாணயத்தை வாங்கி லேப்டாப்பில் வைத்தேன். லேப்டாப் மக்கர் செய்தது. ஃபார்மட் செய்துவிட்டு, பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த வாலட் மென்பொருளையும், காசின் சாவி இருக்கும் வாலட் கோப்பையும் திரும்பப் போட்டுத் திறந்தால், இருப்பு பூஜ்ஜியம். கீழே மூலையில் இணைப்புகள், அதுவும் பூஜ்ஜியம்.

வியர்த்த வியர்வையின் நாற்றம் எனக்கே குமட்டியது. லேப்டாப்போடு மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, இரண்டு கையாலும் அதை உயர்த்திப் பிடித்தேன். சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னாய்யா பண்ற அங்க?" கீழேயிருந்து மனைவி.

"சிக்னல் புடிக்கிறேன்."

"மொதல்ல எறங்கு. தொட்டி மூடி ஒடஞ்சா அதுக்கு ஒரு மாடு விக்க முடியாது."

அந்த நாணயம் வைத்திருப்பவர்களின் டெலிகிராம் குழுவில் கேட்டேன். குழுவா அது, சாக்கடை. ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம், ராக்கெட் படம், இன்றே வாங்கு என்று கூவல். ஒருவன் மட்டும் கும்பிட்ட கை எமோஜியோடு தனிச் செய்தியில் வந்தான். "டியர், வாலட் கோப்பையும் பாஸ்வேர்டையும் அனுப்புங்க, நானே இணைச்சித் தர்றேன்." நானும் கோப்பை இணைத்துப் பாஸ்வேர்டில் பாதி தட்டியிருந்தேன். மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"உன்னிய இதுக்கு முன்னாடி யாருனா டியர்னு கூப்ட்டிருக்காங்களா?"

"இல்ல."

"நானே கூப்ட்டதில்ல. இவன் இன்னாத்துக்குக் கூப்பிட்றான்?"

அனுப்பாமல் அழித்தேன். அந்தக் கும்பிட்ட கையை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. அதைவிட, அதற்கு மசிந்த என் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பிறகுதான், காசு போடும் முன்பே படித்திருக்க வேண்டிய பக்கத்தைப் படித்தேன். நாணயத்தைச் செய்தவர்களின் பக்கம். அந்த மென்பொருள் தனியாக ஒன்றையும் அறியாது. அதையே ஓட்டிக்கொண்டிருக்கும் வேறு கணினிகளிடம் கேட்டுத்தான் கணக்கைச் சொல்லும். எப்போதும் விழித்திருக்கும் கணினிகளின் முகவரிகள் அங்கே இருந்தன. அவற்றை செட்டிங்ஸ் கோப்பில் வரிக்கு ஒன்றாக ஒட்டி, மூடித் திறந்தேன்.

காசை யாரும் எடுக்கவில்லை. ஃபார்மட்டுக்குப் பிறகு நான் திரும்பப் போட்டது பழைய மென்பொருள்; அது தேடிய கணினிகள் எல்லாம் எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டன. புதிய முகவரிகளில் நான்கு பதில் சொல்லின. சாயங்காலத்துக்குள் கணக்கு முழுவதும் இறங்கி, இருப்பும் தெரிந்தது. மறுநாளே விற்றோம். வாங்கிய விலைகூட வரவில்லை. செகண்ட் ஹேண்ட் மோட்டார்தான் வாங்க முடிந்தது.