ஸ்கேனில் தெரியாத வலி: விழுப்புரத்திலிருந்து மயிலாப்பூர், அடையாறு வரை ஒரு நாள்

அடிக்கடி வயிறு கலக்கும் ஒருவர் சென்னைக்குப் போய், டாக்டரைப் பார்த்துவிட்டு மானமாகத் திரும்ப முடியுமா என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். முடியும். 1998 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் நான் போய்வந்திருக்கிறேன். பஸ்களும் கட்டணங்களும் இப்போது மாறியிருக்கும். வயிறு மாறியிருக்காது என்பதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறு வருடமாக வயிற்றுத் தொல்லை. தொப்புளுக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல வலிக்கும். வெளியே கிளம்புவதற்குள் நாலு முறை உள்ளே போய்வர வேண்டும். அடுத்த இரண்டு நாள் சுத்தமாகப் போகாது. மலம், ரத்தம், பேரியம் எக்ஸ்ரே, குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் ஆயிற்று. எல்லாவற்றிலும் 'நார்மல்' என்றே வந்தது. கடைசியாகப் பார்த்த டாக்டர் இதன் பெயர் ஐ.பி.எஸ். என்றார். எரிச்சல் குடல் என்று சொல்லலாம். தமிழில் எழுதினால் போலீஸ் அதிகாரியும் இதுவும் ஒன்றுதான். என் மாமியார் வீட்டில் அந்தக் கிண்டல் வெகுநாள் ஓடியது.

அப்போது எனக்குத் தலைவலியும் இருந்தது. ஊர் டாக்டர், மூளையையும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தார். கோளாறு தலையில்தான் என்று நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள் வீட்டில். எனக்குக் கோபம் வரவில்லை. படத்தில் ஏதாவது தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சிறிய கட்டியாக, எடுத்துவிடக்கூடிய கட்டியாக இருக்கட்டும் என்று. ஏழு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு தாய் வேண்டக்கூடியதா அது? ஆனாலும் வேண்டினேன். வேலையை விடுவதாகக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

காலை ஐந்து ஐம்பதுக்கு விழுப்புரத்தில் ரயில் ஏறினோம், நானும் என் கணவரும். அவர் மின்வாரியத்தில் கிளார்க். அதிகம் பேசமாட்டார். எங்களைப் போன்றவர்களுக்கு ரயில்தான் சரி, பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது. மூன்றரை மணி நேரத்தில் மூன்று முறை போனேன். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அது மோசமில்லை. ஒன்பது இருபதுக்கு மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவின் கூட்டத்துக்குள் புகுந்து, தி.நகர் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். சுமார் ஒரு கிலோமீட்டர். கடைகளை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்கள்.

பட்டினப்பாக்கம் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆளுக்கு இரண்டு ரூபாய். ஸ்கேன் எடுக்கும் இடம் மயிலாப்பூரில், பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பாண்டி பஜார் தாண்டியதும் பஸ் நின்றுபோனது. முன்னால் வண்டிகள். பஸ் நின்றதும் என் வயிறு எழுந்தது. அவரிடம் சொன்னேன். இன்னும் கொஞ்ச தூரம்தான், மனசை வேறு எதிலாவது செலுத்து என்றார். எதில் செலுத்துவது? கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். நூற்று எண்பது வரை எண்ணினேன். தேனாம்பேட்டையில் யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அவர் பின்னாலேயே குதித்து இறங்கினார். நடைபாதையில் வைத்து, "வெளிய கெளம்புனாலே உனக்கு எப்படித்தான் வருதோ" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. இரைந்து கேட்டிருந்தால் நானும் இரைந்து பதில் சொல்லியிருப்பேன்.

எதிரே ஓர் ஆட்டோ நின்றது. நாற்பது வயதிருக்கும் டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். வயிற்றில் கை வைத்திருந்ததையும் பார்த்தார்.

"இன்னாம்மா, வவுறா? ஏறிக்கோ. சார், நீயும் ஏறு."

மீட்டரைப் போடவில்லை, எங்கே என்றும் கேட்கவில்லை. ஆழ்வார்பேட்டைக்குள் இரண்டு தெரு திரும்பி ஒரு கல்யாண மண்டபத்தின் முன் நிறுத்தினார். அன்று முகூர்த்தமில்லை. வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் ஏதோ சொன்னார். நான் கேள்வி கேட்காமல் உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்தபோது டிரைவர் என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "எனுக்கும் இதே ரோதனதான் சார். எந்தத் தெருவுல கக்கூஸ் கீதுன்னு பாத்துக்கினேதான் வண்டி ஓட்றேன். டாக்டரு ஒண்ணும் இல்லன்றாரு. ஒண்ணும் இல்லன்னா இன்னாத்துக்கு வலிக்குதுன்னு கேட்டா, மொறைக்கிறாரு."

ஆறு வருடத்தில் என்னைப் போல இன்னொருவரை நான் பார்த்தது அன்றுதான். பெயர் கேட்டுக்கொள்ளாமல் விட்டது இன்றும் வருத்தம். மயிலாப்பூரில் இறக்கிவிட்டு முப்பது ரூபாய் கேட்டார், கொடுத்தோம்.

ஸ்கேனுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். என் சம்பளத்தில் பெரும்பகுதி அது. நகைகளைக் கழற்றச் சொல்லி, ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். ஆடக்கூடாது. ஆணி அடிப்பது போலவும் ரம்பம் அறுப்பது போலவும் சத்தம். முப்பத்தைந்து நிமிடம். அடுத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: காதில் பஞ்சு கேளுங்கள், கொடுப்பார்கள். அங்கே என் வயிறு ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை.

ரிப்போர்ட் மூன்றரைக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். என் கணவர் தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பிட்டார். நான் தயிர்சாதத்தில் நாலு வாய் எடுத்துக்கொண்டேன். கோயில் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தோம். பிறகு ரிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு வரிதான் எனக்குப் புரிந்தது: மூளை நார்மல்.

அவர் கையெடுத்துக் கோபுரம் இருந்த திசையில் கும்பிட்டார். முகமே மலர்ந்துவிட்டது. நான் அந்தக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் சோடா வாங்கிவர ஓடினார். இனி வீட்டில் காட்டுவதற்கு என்னிடம் எதுவுமே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்று மாலை அடையாறில் பார்ப்பதாக இருந்த டாக்டரை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், இப்படியே ஊருக்குப் போய்விடலாம் என்றேன். என் கணவர்தான் விடவில்லை. ஐந்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தார். ராஜா அண்ணாமலைபுரம் வழியாக, ஆற்றுப் பாலம் தாண்டி நாலரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முப்பத்தைந்து ரூபாய்.

டாக்டர் என் வயதை ஒத்த பெண்மணி, வயிற்று நோய் நிபுணர். பழைய மயிலாப்பூர்க் குடும்பம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. படங்களை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு வலியைப் பற்றிக் கேட்காமல் வேறொன்று கேட்டார்.

"ஆத்துல யாராவது நம்பறாளா?"

என் கணவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரே விளக்கினார். குடலுக்கும் மூளைக்கும் இடையில் நரம்பு வழியாக எந்நேரமும் இரண்டு பக்கமும் சேதி போய்வருகிறது. குடல் சாதாரணமாக அசைவதைப் பெரும்பாலானவர்களின் மூளை காதில் போட்டுக்கொள்வதே இல்லை. என் போன்றவர்களுக்கு அந்தச் சின்னச் சேதி பெரிய சத்தமாகக் கேட்கிறது. வருடக்கணக்கில் வலித்தால், எப்போது வரும் என்று மூளை காத்திருக்கப் பழகிவிடுகிறது. அந்தப் பதற்றம் திரும்பிப் போய்க் குடலைக் கலக்குகிறது.

"அப்ப இந்தப் படத்துல ஏன் தெரியலை?" என்றேன்.

"இதுல மூளையோட உருவம்தான் தெரியும். அது வேலை பண்ற விதம் தெரியாது. வெளிநாட்டுல இப்பதான் அதைப் பாக்க ஆரம்பிச்சிருக்கா. எனக்கும் முழுசாத் தெரியாது. ஆனா உங்க வலி நிஜம்."

குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதினார். அதிக அளவில் மனச்சோர்வுக்குக் கொடுப்பது, குறைந்த அளவில் வலியைத் தணிக்கும் என்றார். அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"அப்ப, இவ வேணும்னு பண்ணலீங்களா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இந்த ஆறு வருடமும் என் பக்கத்தில் படுத்த மனிதர். டாக்டர் மாத்திரைச் சீட்டை என்னிடம் நீட்டி, அந்தக் கேள்வியை அவர் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்றிரவு தங்க வேளச்சேரியில் என் கணவரின் நண்பர் வீடு. ஆறு கிலோமீட்டர். அடையாறு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். நான் அவர் பக்கம் திரும்பவேயில்லை. ஒரு வேளச்சேரி பஸ் வந்தது. நான் ஏறப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எப்படி இருக்கும், கலா? சொல்லேன்."

பஸ் போய்விட்டது. நான் சொன்னேன். ஈரத்துணியை, நூற்று எண்பது வரை எண்ணியதை, அவரோடு வெளியே போகும் நாட்களில் முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவதை, பள்ளியில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பல்லைக் கடிப்பதை. கட்டிக்காக வேண்டிக்கொண்டதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் அங்கேயே நிறுத்தத்தின் திட்டில் உட்கார்ந்துவிட்டார். சமாதானம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அது எப்போதிலிருந்து, இது எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் இரண்டு பஸ் போயின.

பிறகு நடந்தது: மாத்திரை வேலை செய்ய ஏழு வாரம் ஆனது. வலி பாதியாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. வேலையை விடவில்லை. வீட்டில் யாராவது கிண்டல் செய்தால் அவரே டாக்டர் சொன்னதை விளக்கினார், பாதி தப்பாக. இன்று இந்தத் துறையில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பலரை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போது, வலியைக் கையாளும் மூளைப் பகுதிகளில் சில வேறுபாடுகள் தெரிகின்றன என்று படிக்கிறேன். அது காரணமா, வலியின் விளைவா என்பது இன்னும் தீரவில்லை. ஒரு தனி ஆளின் ஸ்கேனைப் பார்த்து இன்றும் இதைச் சொல்ல முடியாது. அதனால் அதற்காக மட்டும் பணம் கட்டாதீர்கள். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ இது வேறு, உடனே டாக்டரிடம் போங்கள். என் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

பயணத்துக்கு: ரயிலில் வாருங்கள். சந்திப்பு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஊருக்குள் இருங்கள். நெரிசல் பஸ்ஸை விட ஆட்டோ மேல், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். வாய்விட்டுக் கேளுங்கள். மண்டபம், பெட்ரோல் பங்க், முன்பின் தெரியாத வீடு, எங்கும் என்னை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

துணைக்கு வருகிறவருக்கும் ஒன்று. தண்ணீர் பாட்டிலும் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பதில் நீளமாகத்தான் வரும். பஸ் போனால் போகட்டும்.