‘காணும்’ என்றார் நடுவர்

ஒலிப்பலகைக்குப் பின்னால் நிற்பவனை, பாட்டு நன்றாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கெட்டுப்போனால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். கலியாண வீடுகளில் மைக் கட்டிப் பேச்சு வாங்கிய சகோதரங்களுக்கு இது புதிதல்ல. அப்போதுதான் தொடங்கிய ஒரு தமிழ்த் தொலைக்காட்சி, பாரிஸில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரே ஒரு பாடகரைத் தெரிவுசெய்ய முதன்முதலாகப் போட்டி வைத்தது. மன்ஹைமில் ஒரு விளையாட்டு மண்டபம், நேரடி ஒளிபரப்பு. ஒலி என் பொறுப்பு.

எக்கோ

ஒத்திகையில் ஒரு பிள்ளையின் தாய் எக்கோ காணாது, காணாது என்று நின்றார். கூட்டினேன். பல்லவியின் கடைசிச் சொல் சரணத்துக்குள்ளும் வந்து கேட்டது. அப்போதும் அவருக்குத் திருப்தியில்லை.

“கோயில் திருவிழாவில விட்டதில பாதியும் இல்லை. ரீவிக்காரருக்கு இதிலயும் கஞ்சத்தனமோ?”

பேசுவார்

போட்டிக்கு வந்த ஜெயந்தி அக்கா மன்னார்க்காரர். ஹைல்புரோனில் முதியோர் இல்லமொன்றில் வேலை. தேவாலயத்துக்கு வெளியே பாடியதில்லை. பாரிஸில் தன் தமக்கை வீட்டில் இருக்கும் அம்மா, மகள் மேடையில் பாடுவதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அறிவிப்பாளர் கார்த்திக், வால்டோர்ஃபில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மதுரைக்காரர். “டென்ஷன் ஆகாதீங்க மேடம், பாடி முடிச்சதும் நடுவர் பேசுவார்” என்று தைரியம் சொன்னார். இலங்கைத் தமிழரான எங்களுக்குப் பேசுவதென்றால் ஏசுவது. அக்கா முகம் கறுத்து என்னிடம் வந்தார்.

“தம்பி, நான் இன்னும் வாயே திறக்கேல்லை. அதுக்குள்ள ஏன் பேசப்போறாராம்?”

காணும்

அக்கா பாடினார். எனக்கு ஒலிப்பலகையின் குமிழ்களில் கை வைக்க வேலையே இருக்கவில்லை. முதல் சரணம் முடிய நடுவர் கையை உயர்த்தி, “காணும், பிள்ளை” என்றார். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்த மனிதர். காணும் என்றால் எங்கள் பேச்சில் ‘போதும்’. இவதான், இனிக் கேட்கத் தேவையில்லை என்று அவர் கருத்து. அவர் வாயிலிருந்து வரும் உச்சப் பாராட்டே அதுதான். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? ‘போதும், நிறுத்து’ என்றே அவருக்குக் கேட்டது. கார்த்திக்கோ “என்ன சார் காணோம்?” என்று மேசைக்கடியில் குனிந்து தேடினார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பையும் தனக்கென்றே எடுத்துக்கொண்ட அக்கா, மைக்கை என்னிடம் தந்துவிட்டு, மாலை வேலைக்கென்று ரயிலேறிவிட்டார்.

முடிவில் வாசித்தது அவர் பெயரைத்தான். வென்றவர் ஒளிபரப்பு முடியமுன் மேடையில் திரும்பப் பாட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்பது விதி. நான் அவருக்குப் போன் எடுத்தபோது அக்கா ஹைல்புரோனை நெருங்கிவிட்டார். இரண்டாவதாக வந்தவரைப் பாடவிட்டார்கள். நடந்ததையும், அந்தக் ‘காணும்’ பாராட்டுத்தான் என்பதையும் அக்காவிடம் சொன்னேன்.

“நல்லாயிருக்கு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அம்மா பாத்திருப்பா, தம்பி.”

சத்தத்தைக் கூட்ட எந்தக் கடையிலும் பெட்டி வாங்கலாம். எங்கள் ஆட்களின் பாராட்டைக் கூட்டத்தான் இன்னும் ஒரு பெட்டியும் வரவில்லை.