மூன்றடி வெளிச்சம்

பொம்மனஹள்ளியில் நான் வீடு கட்டியபோது என்னிடம் இரண்டு பிளான்கள் இருந்தன. ஒன்று அனுமதி வாங்க, இன்னொன்று மேஸ்திரிக்கு. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். அனுமதி பெற்ற பிளானில் பக்கவாட்டில் மூன்றடி காலியிடம் இருந்தது. மேஸ்திரியின் பிளானில் அது என் புத்தக அறைக்குள் போயிருந்தது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தையல்காரர். என் பக்கம் பார்த்த ஜன்னலடியில்தான் மெஷின் போட்டிருந்தார். என் சுவர் எழும்பியதும் வந்து நின்றார்.

“சார், மூணடி விடணும்னு ரூல் இருக்குதாமே?”

“இருக்குதுங்க. ஆனா கட்டினதை சரின்னு ஏத்துக்க கவர்மென்டே சட்டம் கொண்டு வருதாம்.”

இந்த ஊரில் அந்தச் சட்டம் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும்.

பிறகு அளவெடுக்க வந்த மாநகராட்சி இன்ஜினியர், ஆட்சேபணை உண்டா என்று அவரிடம் கேட்டார். தையல்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். “ஏனூ இல்ல சார்” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒன்றுமில்லையாம். அவர் ஆட்சேபித்திருந்தால் சுவரை இடித்திருப்பேன் என்று இன்றும் நம்புகிறேன். என்னைப் பற்றிய என் நம்பிக்கைகள் எல்லாமே இந்த ரகம்.

போன வாரம் பேண்ட்டின் இடுப்பைப் பெரிதாக்க அவரிடம் கொடுக்கப் போனேன். பகல் பதினொரு மணிக்கு டியூப்லைட் எரிந்தது. மூன்றாவது முயற்சியில் ஊசியில் நூல் கோத்தார்.

“புக்கெல்லாம் நல்லா இருக்குதா சார்? வெளிச்சம் வருதா?”

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கறையாகத்தான் கேட்டார். பாதிப் புத்தகங்களை நான் இன்னும் திறக்கவேயில்லை என்பதை விட்டுவிட்டு, “வருதுங்க” என்று மட்டும் சொன்னேன்.