பதினாலு அடி என்றுதான் சொல்லியிருந்தேன்

தவசி அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை சோழவந்தான் பக்கம் ஒரு காதணி விழாவுக்குப் பேனர் கட்டப் போன இடத்தில்... இரும்பு பிரேமைத் தூக்கி நிறுத்தும்போது அதன் மேல் முனை கரண்ட் வயரில் பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகமலை புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பிளெக்ஸ் கடைக்கு ஒன்பது வருஷமாகப் பேனர் கட்டியவர். எழுமலைக்காரர். டிசைன் போடுவது நான், அதைத் தெருவில் நிறுத்துவது அவர்.

என் டிசைனை ஒருநாளும் அவர் பார்த்ததில்லை. கடைக்குள் நுழைந்ததும் ஒரே கேள்விதான். "எம்புட்டு ஒசரம் தங்கச்சி?"

"படம் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று வம்பிழுப்பேன். "படத்த ஊரே பாக்கும். வயர நாந்தேன் பாக்கணும்" என்பார்.

ஒருமுறை வயருக்கு நேர் கீழேதான் பேனர் வேண்டும் என்று ஒரு கல்யாண வீட்டில் அடம்பிடித்தார்கள். "லைன ஆப் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா வேற ஆளப் பாருங்க" என்று பைக்கை எடுத்துவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று அவர்கள் சொன்னதை டீக்கடையில் அவரே சொல்லிச் சிரித்தார். "ஆமா பயந்தேன்... அதேன் உசுரோட டீ குடிக்கிறேன்."

அப்படிப்பட்ட மனுஷன்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முந்தாநாள் மத்தியானம் வந்து இந்தக் காதணி விழா பேனருக்கும் உயரம் கேட்டார். பதினாலு அடி என்றேன். இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்தார். "பதினாலுன்னா வயர எட்டாது. பயமில்ல."

சாயங்காலம் ஆர்டர் கொடுத்த பார்ட்டி போனில் கூப்பிட்டார்கள். தாய்மாமன்களில் இரண்டு பேர் படம் விட்டுப்போச்சாம், சேர்க்காவிட்டால் விழாவில் சண்டையாகிவிடுமாம். கீழே இன்னொரு வரிசை போட்டேன். பேனர் பதினாறு அடி ஆனது. வெல்டிங் பட்டறைக்குப் புது அளவை அனுப்பினேன்.

அண்ணனுக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன்... அவ்வளவுதான். மறந்துவிட்டேன்.

தரையில் படுத்துக்கிடக்கும் பிரேமில் இரண்டடி வித்தியாசம் கண்ணுக்கா தெரியும்?

மாமன்கள் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது. என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பேனர் வைக்கிறவர்களே, என்னைப் போல டிசைன் போடுகிறவர்களே... அளவு மாறினால் முதல் போன் கட்டப்போகிறவருக்குப் போகட்டும். பக்கத்தில் வயர் இருந்தால், லைனை நிறுத்தாமல் யாரையும் பிரேமைத் தொடச் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்று அண்ணனோடு பேனர் கட்டும் சின்னச்சாமி கடைக்கு வந்தார். வலது கையில் பெரிய கட்டு. அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டுமாம்.

ஊரில் உள்ளவர்கள் படத்தையெல்லாம் வைத்திருக்கும் என் கம்ப்யூட்டரில் அண்ணன் படம் ஒன்றுகூட இல்லை. சின்னச்சாமி போனில் ஒன்று இருந்தது. அதிலும் அண்ணாந்து வயரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிரிண்ட் கொடுக்கும்போது பழக்கத்தில் கேட்டுவிட்டார் சின்னச்சாமி. "எம்புட்டு ஒசரம்க்கா?"

கேட்டதும் இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

மூன்றடிதான். பிரேம் கிடையாது. வீட்டுச் சுவரில் தரையில் நின்றபடியே ஒட்டிவிடலாம்.

போயிட்டு வாங்கண்ணே... இந்தத் தடவை அளவு மாறாது.