மேலே ஏறிய ஆழம்

அருள்புரத்தில் ஒரு தண்ணீர் பரிசோதனை அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, போர்வெல்லுக்குள் மீட்டரை இறக்கி உப்பு அளக்க ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். தோளில் அடிக்கணக்கு குறித்த நைலான் கயிறு. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே கயிற்றை முழங்கையில் சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடி சுற்றுவார். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

ஒருநாள், ஒரே வீதியில் அவர் அளந்து வந்த மூன்று போர்வெல்களின் கணக்கை எக்செல்லில் வரைபடமாகப் போட்டேன். அவசரத்தில் எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்துவிட்டதால், ஆழமும் ஒரு கோடாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, ஆழம் எதுக்குங்க மேல போகுது? நான் கயித்தைக் கீழதானுங்க உட்டேன்" என்றார்.

எரிச்சலோடு மாற்றினேன். ஆழத்தைச் செங்குத்து அச்சில் வைத்து, பூஜ்ஜியத்தை உச்சிக்குக் கொண்டுபோனேன். இப்போது மூன்று போர்வெல்லின் உப்புக் கோடுகளும் மேலிருந்து கீழே இறங்கின. நூற்றிருபதாவது அடியில் மூன்றும் ஒன்றுபோல வலப்பக்கம் புடைத்தன. உப்பு அங்கேதான் அதிகம்.

கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"அந்த வீதியிலதானுங்க எங்க ஊடு. போன மாசம் எங்க போர்ல தண்ணி எடுக்கற மோட்டாரை நானேதான் எறக்குனேன். நூத்தியிருவது அடியிலீங்க."

அந்த உப்பு அளவுகளை ஒவ்வொன்றாக எனக்குப் படித்துச் சொன்னவரே அவர்தான்.

கயிற்றை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எழுந்து நின்ற நான், கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவருடைய கயிற்றை என் முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.