ஜில்லா மண்ணு ஒரு பிடி

யாங்கோன், பான்சோடான் தெருவில் ஒரு நடைபாதைப் புத்தகக் கடை. மழைக்குப் பயந்து பாதிப் புத்தகங்களைப் பாலிதீன் விரிப்பால் மூடியிருக்கிறார்கள். என் கையில் அகப்படுவது கென்ட் என்ற இங்கிலாந்து ஜில்லாவின் வரலாறு. கற்கோடரியில் தொடங்குகிறது. எந்த மேட்டில் யாரைப் புதைத்தார்கள், எந்த ஓடையில் எந்த ஆலை ஓடியது, எல்லாம் இருக்கிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்த நாட்டுக்காரன் கப்பலில் ஏற்றிவந்து இங்கே மூட்டை தூக்க வைத்த நம் ஆட்களைப் பற்றி ஒரு பக்கம்கூட அவன் எழுதவில்லை. நாமும் எழுதவில்லை.

கடைக்காரி மா சீதா தமிழ்ப் பெண். "இது என்னா கதை, சயா?" என்கிறாள். சயா என்றால் இங்கே ஐயா.

"ஒரு ஜில்லாவோட கதை."

அவள் முகம் மலர்கிறது. "எங்க ஊரும் ஜில்லாதான். ஆத்துக்கு அக்கரையில டாலாவுல அப்பா படுத்துக் கெடக்குறாரு. ஜில்லா மண்ணு ஒரு பிடி கேக்குறாரு. நீங்க இந்தியாவுக்குப் போயிட்டு அடுத்த தடவ வரும்போது கொண்டாறீங்களா?"

"எந்த ஜில்லா?"

"ஜில்லாதான். பாட்டன் அங்கேருந்துதான் வந்தாரு."

ஊரின் பெயர் எங்கேயோ உதிர்ந்துபோய், மாவட்டம் என்ற சொல்லே இவர்களுக்கு ஊராகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஜில்லான்னு ஒரு ஊரே இல்லம்மா."

புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நிற்கிறது. என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"இருக்கும், சயா. நீங்க போயிருக்க மாட்டீங்க."