அஞ்சலையக்கா வீட்டுப் பின்கதவு

அஞ்சலையக்கா இறந்த செய்தி தின்கன்ஜூனில் இருக்கும் எனக்குச் சென்ற செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பக்கத்து மருந்துக்கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டது அவருடைய மகள் கலா. "அம்மா போயிட்டாங்க சயாமா. நீங்க வரணும்னு சொல்லல. சொல்லிடணும்னு தோணுச்சு" என்றாள். சயாமா என்பது ஆசிரியையை அழைக்கும் பர்மியச் சொல். கையில் படிவத்தோடு வரும் பெண்ணையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இதே நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய தம் வீட்டில், அக்கா குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தார். சந்தைக்கும் தையல் வேலைக்கும் போகும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவிய ஒரு சிறிய சங்கத்தில் நான் பரிசோதகராக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் குடிநீர், கழிப்பறை, கதவு, வேலி எல்லாம் பார்த்துக் குறித்து, தரம் போடுவேன்.

முதல் தடவை அவருக்கு இரண்டாம் தரம்தான் போட்டேன், தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை. மற்ற வீடுகளில் கெஞ்சுவார்கள். அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் எழுதிருக்கீங்க. இல்லாதத இருக்குன்னு எழுதினா தண்ணி சுத்தமாயிருமா?" என்றார். அவரிடமும் ஒரு நோட்டு இருந்தது. எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எது இருமியது, யார் வந்து கூட்டிப் போனார்கள் என்று தினமும் எழுதுவார். என் பதிவேட்டைவிட அது நேர்மையானது.

பின்னொரு மழைக்காலத்தில் முழங்கால்வரை நனைந்து போய்ச் சேர்ந்தேன். இன்னும் இரண்டு வீடு பாக்கி. முன்னறையிலேயே உட்கார்ந்து எழுதினேன்.

"பின்பக்கம் வாங்க சயாமா. தாழ்ப்பாள் ஆடுது, கயிறு கட்டி வச்சிருக்கேன். நீங்க பாத்து எழுதினா ஆபீஸ்ல புதுசு போட்டுத் தருவாங்க."

"அடுத்த தடவ பாக்கலாங்க்கா" என்றேன். 'பின்கதவு: பாதுகாப்பாக உள்ளது. முதல் தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் சூசூ என்ற மூன்று வயதுப் பெண்குழந்தை அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டது. பின்னால் ஓடும் கால்வாய் மழையில் நிரம்பியிருந்தது. அக்காவே இறங்கித் தூக்கி வந்தார். பிள்ளைக்கு உயிர் இல்லை.

சங்கத்தில் விசாரித்தார்கள். மேசைமேல் என் படிவம் இருந்தது. "பரிசோதிக்க வந்தவங்க பின்கதவப் பாத்தாங்களா?" என்று அக்காவைக் கேட்டார்கள்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பாத்தாங்க. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கெட்டுப்போச்சு. நான்தான் கவனிக்கல."

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. காப்பகத்தை மூடினார்கள். தெருவில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். எனக்கு வேலை நிலைத்தது.

ஒரு மாதம் கழித்து அவரைத் தேடிப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தார். "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"உங்கள மாட்டிவிட்டா புள்ள வந்துருமா? இன்னும் எத்தன வீட்டுக்குப் போறீங்க?"

"இருபத்தொண்ணு."

"போய் ஒவ்வொரு கதவையும் கையால தொட்டுப் பாருங்க. இங்க வராதீங்க."

"என்ன மன்னிச்சிருங்கக்கா."

"அத எங்கிட்ட கேக்காதீங்க. சூசூவோட அம்மா இப்ப அலோன்ல இருக்கு."

அதன்பிறகு நான் தொடாமல் விட்ட கதவு இல்லை. சில வீடுகளில் தாழ்ப்பாளைப் பிடித்ததும் அந்தப் பக்கம் ஒரு சின்னக் கை தள்ளுவதுபோல இருக்கும். திறந்து பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அலோனுக்கு மட்டும் இத்தனை வருடத்தில் ஒருநாளும் போகவில்லை.

அக்காவின் அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். சூசூவின் தாய் மா கின், படகுத்துறைக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார். நடந்ததைப் பர்மிய மொழியில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார். பிறகு கை நின்றுவிட்டது.

"அஞ்சலையம்மா வருசா வருசம் அந்தத் தேதியில வருவாங்க. புள்ள பேர்ல பிக்குகளுக்குக் கொடுக்கச் சொல்லிச் சோறு கொண்டாருவாங்க. நான் வாங்கினதில்ல. வெயில்ல நின்னுட்டுப் போயிருவாங்க. ஒரு வாய் தண்ணி குடிங்கன்னுகூட நான் சொல்லல" என்றார். பிறகு அடுத்த வெற்றிலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்காவை அறிந்தவர்களே, உங்களில் பலர் அவரைக் கவனமில்லாதவர் என்று நினைத்திருப்பீர்கள். கதவைப் பாருங்கள் என்று அவர் சொன்னார். பார்க்காமல் எழுதியவள் நான். அவர் பழியேற்றுக் காப்பாற்றித் தந்த வேலையை இத்தனை வருடம் நான் வைத்துக்கொண்டேன். அவருடைய நல்ல பெயரையாவது இன்று உங்களிடம் திருப்பித் தருகிறேன்.